இயற்கை நிலையில் ஒரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்

முட்டுச்சந்தின் வாயில் சுவர் எழும்பிய அன்று, ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஊரின் மறுகோடியில் ஓர் ஐஸ்கிரீம் கடையின் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மாலையில் திரும்பியவர் சந்து இருக்க வேண்டிய இடத்தில் சுவரைப் பார்த்ததும், தெரு மாறி வந்துவிட்டோமோ என்று அடுத்த தெருவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேறு யாராவதாக இருந்தால் நின்ற இடத்திலேயே கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். மெக்கானிக்குக் கோபம் வராது. வெயிலோ மழையோ, ஆள் நாலு டிகிரியிலேயே இருப்பார் என்று தெருவில் சொல்வார்கள்.

சுவர் ஏழடி உயரம். ஒரு பக்கம் மட்டும் ஒன்றரை அடி இடைவெளி விட்டிருந்தது. கருவிப் பையை முதலில் தள்ளிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தால் ஓர் ஆள் போகலாம். மெக்கானிக் ஒல்லி. போய்விட்டார். சிக்கல் அவருடைய அக்காவுக்குத்தான். அக்காவுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் செயலிழந்துபோயின. மூன்று சக்கர ஸ்கூட்டரில் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். நள்ளிரவு ஜன்னி, பிரசவ வலி, மாடிப்படியில் விழுந்த கிழவர் என்று எல்லாவற்றுக்கும் முதலில் "சொல்லுங்க, பதறாதீங்க" என்று கேட்கும் குரல் அது. அந்த ஸ்கூட்டரின் அகலம் மூன்றேகால் அடி.

சந்தின் வாயில் இருந்த வீடு கல்பட்டறைக்காரருடையது. தளம் போடும் கற்களை அறுத்து மெருகேற்றி விற்பவர். சந்துக்குள் இருந்த மற்ற ஒரே வீடு மெக்கானிக்கின் வீடுதான். ஆகவே சந்தில் பாதிக்கு மேல் சும்மா கிடப்பதாகக் கல்பட்டறைக்காரருக்குத் தோன்றி, அங்கே கற்பலகைகளை அடுக்கி, காவலுக்குச் சுவரையும் எழுப்பிவிட்டார்.

"நடக்கறதுக்கு வழி விட்டிருக்கேன் பாத்தீங்களா தம்பி? நான் மனசாட்சி உள்ளவன்" என்றார்.

"அக்காவால நடக்க முடியாதேண்ணே."

"அதுக்கு நான் என்ன பண்ண? சுவர் கட்டறதுக்கு முன்னாடியே அவங்களால நடக்க முடியாதே."

மெக்கானிக் இதை யோசித்துப் பார்த்தார். மறுக்க முடியவில்லை. "இது பொதுச் சந்தாச்சேண்ணே" என்றார்.

"பொதுன்னா எனக்கும் சேத்துத்தானே பொது? என் பங்கை நான் எடுத்துக்கிட்டேன். இங்க பாருங்க, நான் சட்டத்தை மதிக்கிறவன். அரசாங்கத்துலேர்ந்து ஒரு உத்தரவு வாங்கிட்டு வாங்க. அடுத்த நிமிஷம் நானே இடிச்சுத் தர்றேன்."

இது நியாயமாகத்தான் பட்டது. முதல் மூன்று நாள் அக்காவைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்த இடைவெளியில் பக்கவாட்டில் நடந்து பார்த்தார் மெக்கானிக். மூன்றாம் நாள் அக்காவின் முழங்கைத் தோல் பிய்ந்தது. "இறக்குடா. நான் என்ன கம்ப்ரசரா, தூக்கிட்டு அலையறதுக்கு?" என்று அக்கா சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் முப்பது நாள் விடுப்பு கொடுத்தார்கள். அதற்குள் வராவிட்டால் அந்த நாற்காலியில் ஒரு மெஷினை வைப்பதாகவும் அன்போடு தெரிவித்தார்கள்.

*

குறைதீர் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை.

"பாதிக்கப்பட்டவங்க நேர்ல வரணுமே" என்றார் பதிவகத்து அம்மா.

"வர முடியலைங்கறதுதாம்மா புகாரே."

"அப்ப சரி, கூடப் பிறந்தவர்ங்கற முறையில நீங்களே குடுக்கலாம்." பதிவகத்து அம்மா நல்ல மனுஷி. நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். மெக்கானிக்கின் பெயரைக் கணினியில் தட்டினார். திரையைப் பார்த்தார். மெக்கானிக்கைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், இரண்டு கைகளாலும் தூக்க வேண்டிய பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"நீங்க இந்த அரசாங்கத்துக்கு எப்ப சம்மதிச்சீங்க?"

"நானா? என்னை யாரும் கேக்கலையேம்மா."

"யாரையும் கேக்க மாட்டோம். ஆனா பதிவு பண்ணிக்குவோம். மக்கள் எல்லாரும் சேந்து ஒப்பந்தம் போட்டுத்தான் அரசாங்கம் வந்துச்சு. 'எங்களைக் காப்பாத்து, நாங்க கட்டுப்படறோம்'னு. ஒவ்வொருத்தருக்கும் பதினெட்டு முடியற அன்னைக்கு அவங்க பேரு இதுல தானா ஏறிடும். உங்க பேரு வர வேண்டிய இடத்துல ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டிருக்கு. யாரோ டீயைக் கொட்டியிருக்காங்க."

"பிரிச்சுப் பாருங்களேன்."

"பிரிச்சா கிழியும். கிழிஞ்சா அரசாங்க ஆவணத்தைச் சேதப்படுத்தின குத்தம்."

மெக்கானிக்கின் முகம் வாடியதைப் பார்த்து அந்த அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "மறைமுகச் சம்மதம்னு ஒண்ணு இருக்கு. பாப்போம். நீங்க எப்பவாவது ரோட்டுல நடந்திருக்கீங்களா?"

"தினமும்."

"அரசாங்க ரோட்டுல நடந்தாலே சம்மதிச்சதா அர்த்தம். நடந்ததுக்கு அத்தாட்சி?"

மெக்கானிக் செருப்பைக் கழற்றிக் காட்டினார். குதிகால் பக்கம் காகிதம் போலத் தேய்ந்திருந்தது. பதிவகத்து அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கவனமாகப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள நடந்தாலும் தேயுமே" என்றார் வருத்தத்தோடு.

"அப்ப நான் யாரும்மா?"

அந்த அம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். டாக்டர்கள் பரிசோதனை முடிவைச் சொல்லும்போது தாழ்த்துவார்களே, அப்படி. "தத்துவப்படி பாத்தா, நீங்க இன்னும் இயற்கை நிலையில இருக்கீங்க. அரசாங்கம் தோன்றதுக்கு முன்னாடி மனுஷன் இருந்த நிலை. சட்டம் கிடையாது, நீதி கிடையாது. பக்கத்துல இருக்கறவன் எப்ப பாய்வான்னு தெரியாது."

"நான் நாப்பத்தாறு வருஷமா மார்க்கெட்டுக்குப் பின்தெருவுல இருக்கேன்மா."

"அது உங்களுக்குத் தெரியும். பதிவேட்டுக்குத் தெரியணுமே."

"சரி, இப்ப ஒரு கையெழுத்துப் போட்டுட்டா?"

"இது நீங்க ஒருத்தர் போடற ஒப்பந்தம் இல்லை சார். எல்லாரும் எல்லாரோடயும் போடறது. உங்களுக்காக எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டா, மண்டபம் பத்துமா?"

புகார் படிவத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பவர் கண்டறியப்பட்டால் மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிப்படி ஒரு கடிதம் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்த மெக்கானிக், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

"அக்கா, நான் இயற்கை நிலையில இருக்கேனாம்."

"தெரியுது. முதல்ல சட்டையை எடுத்து மாட்டு" என்றார் அக்கா.

*

மேலிடம் என்பது அரசு அவசிய ஆய்வு நிறுவனம். மக்களுக்கு அரசு ஏன் தேவை என்பதை நாற்பது வருடமாக ஆராய்ந்து வந்த இடம். அரசு இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு சாவார்கள் என்பது அதன் அடிப்படை முடிவு. இதைப் பற்றி அறுபத்து மூன்று நூல்கள் வெளியிட்டிருந்தார்கள். அரசு இல்லாத மனிதன் ஒருவனைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பது ஒன்றுதான் குறை. ஆகவே பதிவகத்து அம்மாவின் கடிதம் கிடைத்ததும் நிறுவனத்தில் இனிப்பு வழங்கினார்கள்.

அக்காவின் விடுப்பில் ஆறாம் நாள் காலையில் நிறுவனத்தின் குறிப்பாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். மடக்கு நாற்காலி, தடித்த நோட்டு, தலைக்கு ஹெல்மெட். சந்தில் சுவரோரமாக நாற்காலியை விரித்து, மெக்கானிக் வீட்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"நீங்க உங்க வேலையைப் பாருங்க சார். நான் இருக்கறதையே மறந்துடுங்க. எப்ப தோணுதோ அப்ப அடிச்சுக்கலாம்."

"யாரை?"

"யாரை வேணும்னாலும். உங்களுக்குத்தான் தடையே இல்லையே."

தினமும் காலையில் கேள்வித்தாள் ஒன்றைப் படிப்பார். "இன்னைக்கு எழுந்ததும் யாரையாவது கொல்லணும்னு தோணுச்சா?"

"பல் தேய்க்கணும்னு தோணுச்சு."

"அடுத்தவங்க பொருளைப் பறிக்கணும்னு?"

"அக்கா பேஸ்ட்டை எடுத்துக்கிட்டேன். என்னோடது தீந்துபோச்சு."

குறிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவங்க அனுமதியோடயா?"

"அவங்க தூங்கிட்டிருந்தாங்க."

அன்று அவர் இரண்டு பக்கம் எழுதினார். அடுத்த பத்து நாளில் அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான். மெக்கானிக் காலையில் பையோடு வெளியே போனார், மாலையில் திரும்பினார், சமைத்தார், அக்காவோடு ரேடியோ கேட்டார். வெயில் ஏறிய மதியங்களில், ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த குறிப்பாளருக்கு அக்கா ஜன்னல் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் நீட்டினார். அவர் அதையும் எழுதிக்கொண்டார்: "எதிரிக்குத் தண்ணீர். காரணம் புரியவில்லை."

பதினேழாம் நாள் கல்பட்டறைக்காரரின் மனைவி ஸ்டூலில் ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, ஃபிரிட்ஜ் நின்றுபோய்விட்டது என்று கலங்கினார். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். குறிப்பாளர் ஹெல்மெட்டின் பட்டையை இறுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். எதிரியின் வீட்டுக்குள், கையில் ஸ்பேனரோடு. அறுபத்து மூன்று நூல்களும் காத்துக்கொண்டிருந்த தருணம்.

மெக்கானிக் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கம் குனிந்து, கருகிப்போயிருந்த ரிலேயை மாற்றினார். கை கழுவினார். வெளியே வரும்போது, "அண்ணே, அந்தச் சுவரு" என்றார்.

"உத்தரவு கொண்டு வாங்க தம்பி. நான் எங்கயும் ஓடிப் போகலை" என்றார் கல்பட்டறைக்காரர்.

வீட்டில் அக்கா பிடித்துக்கொண்டார். "வெக்கமா இல்லை உனக்கு? நம்மளை உள்ள வச்சு அடைச்சவன் வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜை ரிப்பேர் பண்ணிட்டு வர்றே!"

"உள்ள மருந்து இருந்துச்சுக்கா. அவரோட மாமனாருக்குப் போடற இன்சுலின். வெளிய இருந்தா கெட்டுடும்."

அக்கா, "சரி, ஓடுதா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடுது."

குறிப்பாளர் நிறுவனத்துக்கு அவசரச் செய்தி அனுப்பினார்: "ஆய்வு மாதிரி ஒத்துழைக்க மறுக்கிறது."

*

நிறுவனத்தின் இயக்குநர் நேரில் வருவதாக முடிவாயிற்று. சுவருக்கு அந்தப் பக்கம் தெருவில் பந்தல் போட்டு, நாற்காலிகள் போட்டு, ஒலிபெருக்கி கட்டினார்கள். மேடையில் கல்பட்டறைக்காரருக்கும் ஓர் இருக்கை. நிறுவனத்தின் புதிய கட்டடத்துக்கு மெருகேற்றிய தளக்கல்லை நன்கொடையாகக் கொடுத்தவர் அவர்தான்.

கூட்டத்துக்கு முன் இயக்குநர் இயற்கை மனிதனைக் கண்ணால் பார்க்க விரும்பினார். அவர் நல்ல ஆகிருதி. ஒன்றரை அடி இடைவெளியில் தோளை நுழைத்தார், மார்பை நுழைத்தார், அத்தோடு நின்றுவிட்டார். உள்ளேயிருந்து குறிப்பாளர் கையைப் பிடித்து இழுத்தார். வெளியேயிருந்து கல்பட்டறைக்காரர் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"மூச்சை வெளிய விடுங்க சார், முழுசா. மறுபடி இழுக்காதீங்க" என்று மெக்கானிக் யோசனை சொன்னார். குறுகலான அலமாரியிலிருந்து ஃபிரிட்ஜை வெளியே எடுத்துப் பழகியவர்.

முகம் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்த நிலையிலும் இயக்குநர் கம்பீரம் குறையாமல், "அரசு என்றால் பெரிதாகத்தான் இருக்கும்" என்றார். ஒருவழியாக வந்த வழியே எடுத்தார்கள். கோட்டில் இரண்டு பொத்தான்கள் சுவருக்குப் போயின. இயற்கை மனிதனைச் சந்தித்ததாகக் குறித்துக்கொண்டு மேடையேறினார்.

சுவருக்கு இந்தப் பக்கம் மெக்கானிக்கும் அக்காவும் வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். பேச்சாளரைப் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் ஏழடிக்கு மேலாக வந்து விழுந்தது.

"அன்பார்ந்த பெரியோர்களே! அரசு மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வலியவன் எளியவனின் வழியை அடைப்பான். எளியவன் போய் முறையிட ஓர் இடம் இருக்காது. அப்படியே முறையிட்டாலும், 'முதலில் நீ யார்' என்று கேட்பார்கள். நாள்கள் ஓடும். அவன் வீட்டு வாசலில் ஒருவர் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாரே தவிர, யாரும் உதவிக்கு வரமாட்டார்கள். கேட்கவே நெஞ்சு பதறுகிறது அல்லவா? அந்தக் கொடுமை யாருக்கும் நேராமல் பார்த்துக்கொள்ளத்தான் நாம் இருக்கிறோம்!"

கைதட்டல்.

"இதோ நம் கண்ணெதிரே ஒரு சுவர். இதில் சொத்துரிமை பிறந்துகொண்டிருக்கிறது. பிரசவ அறையில் நிற்கும் பாக்கியம் நமக்கு! சுவரை அளித்த பெருந்தகைக்கு நிறுவனம் கடமைப்பட்டிருக்கிறது."

கல்பட்டறைக்காரர் எழுந்து கும்பிட்டார். அக்காவால் பொறுக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரி இரைச்சலில் பழகிய குரல், ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"ஐயா! நீங்க சொன்ன கொடுமை இந்தப் பக்கம்தான் இருக்கு! எட்டிப் பாருங்க!"

"கேள்விகள் இறுதியில்" என்றார் இயக்குநர். இறுதியில் நன்றியுரை நீண்டுவிட்டதால் கேள்விகளுக்கு நேரமில்லாமல் போயிற்று.

*

இருபத்தொன்பதாம் நாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி வந்தது. மறுநாள் விடுப்பு முடிகிறது, மெஷின் வந்து இறங்கிவிட்டது, எல்லாம் தயார், குரல் மட்டும் இல்லை. மக்களுக்குப் பழகிய குரலாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நிர்வாகம் அபிப்பிராயப்படுகிறது. கொஞ்சம் வாசித்துக் கொடுக்க முடியுமா?

மெக்கானிக் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கூடத்திலிருந்து அக்காவின் வேலைக் குரல் கேட்டது. ஒரு மாதமாக அவர் கேட்காத குரல்.

"காய்ச்சல் என்றால் ஒன்றை அழுத்தவும். எலும்பு முறிவு என்றால் இரண்டை அழுத்தவும். பிரசவம் என்றால் மூன்றை அழுத்தவும்." பிறகு சாதாரணக் குரலில், "சார், வேற ஏதாவதுன்னா யாரு பேசுவாங்க? சில பேரு என்னன்னு சொல்லவே தெரியாம அழுவாங்களே."

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"சரி சார்" என்றார் அக்கா. மறுபடியும் அந்த இனிமையான குரல்: "வேறு ஏதேனும் என்றால் ஒன்பதை அழுத்தவும். இந்தப் பட்டியலை மீண்டும் கேட்கலாம்."

ரிசீவரை வைத்த பிறகும் அக்கா அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி திரும்பி, மிச்ச வெங்காயத்தையும் நறுக்கினார். அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை. இரண்டு பேரும் தட்டைக் காலி செய்தார்கள்.

விடிந்ததும் மெக்கானிக் சுத்தியலையும் இரண்டு உளிகளையும் எடுத்துக்கொண்டு சுவரிடம் போனார். மேல் வரிசையின் பூச்சில் உளியை வைத்து அளவாக ஒரு தட்டு தட்டினார். கல் அசைந்தது. இரண்டு கையாலும் எடுத்து, உடையாமல், கல்பட்டறைக்காரரின் மதிலோரமாக இறக்கி வைத்தார். பிறகு அடுத்த கல்.

ஏழு மணிக்கு வேலைக்கு வந்த குறிப்பாளர் மடக்கு நாற்காலியைக் கீழே போட்டுவிட்டு நோட்டைப் பிரித்தார்.

"சார்! ஆரம்பிச்சுட்டீங்களா! ரொம்பக் கோபமா இருக்கீங்களா?"

"இல்லைங்க. மூணாவது வரிசையில கலவை நல்லா இறுகியிருக்கு. அதான் முகத்தை அப்படி வச்சிருக்கேன்."

"ரத்தம் கொதிக்குதா?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கால்ல விழும்."

குறிப்பாளர் எழுதினார்: "வன்முறை தொடங்கிவிட்டது. மெதுவாக நடைபெறுகிறது. கற்கள் அளவு வாரியாக அடுக்கப்படுகின்றன."

கல்பட்டறைக்காரர் உளிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர். பட்டறைக்கு மேலேதான் முப்பது வருடம் குடியிருந்தார். ஆகவே சத்தம் நின்ற பிறகுதான் அவருக்கு விழிப்பு வந்தது. ஜன்னலைத் திறந்தார். சுவர் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்குக் கடைசி இரண்டு வரிசைதான் மிச்சம் இருந்தது. மெக்கானிக் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கல்பட்டறைக்காரர் போலீசுக்கு போன் செய்தார். அந்தச் சந்துக்கு அரசு வந்து சேர ஏழு நிமிடம் ஆகும் என்பது அன்றுதான் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஏழு நிமிடத்தில் மெக்கானிக் மிச்ச இரண்டு வரிசையையும் எடுத்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்கத் தொடங்கியிருந்தார்.

"யாரு இங்க இடிச்சது?" என்று ஜீப்பிலிருந்து இறங்கியபடியே இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"நான்தாங்க."

"ஏறு வண்டியில."

"அது முடியாது சார்!" குறிப்பாளர் பெருமையோடு குறுக்கே வந்தார். "இவர் ஒப்பந்தத்துக்கு வெளிய இருக்கறவர். சட்டம் இவரைக் கட்டுப்படுத்தாது. எங்ககிட்ட ஆவணமே இருக்கு."

இன்ஸ்பெக்டர் ஆவணத்தைப் படித்தார். முத்திரை சரியாக இருந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு ஜீப்புக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். "படிவம் பதினொண்ணு. அவசர ஒப்பந்தம். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

மெக்கானிக் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவரைப் பத்திப் புகார் குடுக்கப் போனப்ப, இப்படி ஒரு படிவமே இல்லைன்னாங்களே சார்?"

"புகாருக்குக் கிடையாது. கைதுக்கு உண்டு."

மெக்கானிக் ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "இப்ப நான் உள்ள வந்துட்டேனா சார்?"

"வந்துட்டீங்க. வாழ்த்துகள். கையை நீட்டுங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு புகார் இருக்கு. எழுதிக்குங்க."

குடிமகன் வாயால் சொன்னாலும் புகார் புகார்தான், அந்த இடத்திலேயே பதிந்து விசாரிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பிரித்தார். பொதுச் சந்தில் ஏழடிச் சுவர், ஊனமுற்ற பெண்ணின் வழி அடைப்பு என்று எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "எங்க அந்தச் சுவர்?" என்று கேட்டார்.

எல்லாரும் சந்தின் வாயைப் பார்த்தார்கள். சுத்தமாகப் பெருக்கியிருந்தது.

"என் சுவர் சார்! இங்கதான் இருந்துச்சு! இடிச்சுட்டான்!" என்று கத்தினார் கல்பட்டறைக்காரர்.

"இங்கன்னா? சந்துலயா? பொதுச் சந்துல உங்க சுவர் இருந்துச்சுன்னு எழுதிக்கட்டுமா? கையெழுத்துப் போடறீங்களா?"

கல்பட்டறைக்காரர் ஓரடி பின்வாங்கினார். அவர் சட்டத்தை மதிக்கிறவர், அதனால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று ஓரளவு தெரியும். "சுவரை விடுங்க. என் கல்லு?" என்றார்.

"அதோ அடுக்கி வச்சிருக்கு. ஒண்ணுகூட உடையலை" என்றார் மெக்கானிக்.

அப்போது வீட்டுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் கேட்டது. அக்கா மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். வேலைக்குப் போகும் உடை, மடியில் கைப்பை. கற்பலகைகளை ஒட்டி, இன்ஸ்பெக்டருக்கு ஓரடி முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் வழி விடுங்க சார். ஒன்பது மணிக்கு ஷிஃப்ட். இன்னைக்குப் போகலைன்னா என் நாக்கையே எனக்குப் பதிலா உக்கார வச்சிருவாங்க."

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பின்னால் எடுக்கச் சொன்னார். கல்பட்டறைக்காரர் மதிலோடு ஒட்டிக்கொண்டார். குறிப்பாளர் நாற்காலியை மடக்கினார். ஸ்கூட்டர் தெருவில் திரும்பி மறைந்தது.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வழக்குப் போட்டால் பதினேழு பக்கம் எழுத வேண்டும், இந்த வெயிலில். பேனாவைத் திறந்து புகாருக்குக் கீழே எழுதினார்: "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. புகாரில் கூறப்பட்ட சுவர் அவ்விடத்தில் காணப்படவில்லை. ஆகவே அதை எவரும் கட்டவுமில்லை, இடிக்கவுமில்லை. குறை தீர்ந்தது."

*

நிறுவனத்தின் அறுபத்து நான்காவது நூல் மூன்றே மாதத்தில் வெளிவந்தது. அரசுக்கு வெளியே இருந்த ஒருவன் முப்பதாம் நாள் வன்முறையில் இறங்கினான் என்றும், அரசு தலையிட்ட அரை மணி நேரத்தில் அமைதி திரும்பியது என்றும், ஒரு பெண் அச்சமின்றி வேலைக்குச் சென்றாள் என்றும் அதில் கண்டிருந்தது. இயக்குநரின் படம் அட்டையில் இருந்தது, பக்கவாட்டில் எடுத்தது.

நூலின் பின்னிணைப்புக்கு ஒரே ஒரு கேள்வித்தாள் பாக்கி இருந்ததால், அச்சுக்குப் போகும் முன் குறிப்பாளர் கடைசி முறையாகச் சந்துக்கு வந்தார். இப்போது ஹெல்மெட் இல்லை. மெக்கானிக் வாசலில் ஒரு பழைய கம்ப்ரசரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா ஷிஃப்ட்டில் இருந்தார்.

"ஒரே கேள்விதான் சார். வெளிய இருந்தும் பாத்தீங்க, உள்ள வந்தும் பாத்தீங்க. மக்களுக்கு அரசு எதுக்குத் தேவை?"

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்தார். எண்ணெய் போகும்வரைக்கும் துடைத்தார். அவ்வளவு நேரம் யோசித்து அவர் எதற்கும் பதில் சொன்னதில்லை.

"சுவரை நான் இடிச்சுட்டேங்க. எனக்குக் கை இருக்கு, சுத்தியல் இருக்கு. அக்காவுக்கு நான் இருந்தேன். எங்கயாவது இதே மாதிரி ஒரு சந்துல, இதே மாதிரி ஒரு சுவருக்குள்ள, தம்பி இல்லாத ஒரு அக்கா உக்காந்திருப்பாங்க. அவங்களுக்குத் தேவை. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

குறிப்பாளர் பேனாவை எடுத்துக்கொண்டு தாளைப் பார்த்தார். நான்கு கட்டங்கள் இருந்தன: பயத்தால், ஆசையால், பழக்கத்தால், தெரியாது. மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். விளிம்பில் எழுதலாம் என்றால் விளிம்பில் எழுதக் கூடாது என்று அச்சிட்டிருந்தது. கடைசியில் 'தெரியாது' என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.